ஐந்து கிலோவுக்குள் ஒரு விமானம்

என் தம்பி ஓராஸ் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எங்கள் ஊரின் ஒன்பது மாடிக் கட்டடங்களில் உள்ள லிஃப்டுகள் எல்லாம் நிலக்கரிச் சுரங்கம் நன்றாக ஓடிய காலத்தில் போட்டவை. அடிக்கடி யாராவது இரண்டு தளங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். மேலே அவன் கூட்டாளி மோட்டார் அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றும்வரை, ஓராஸ் மூடிய கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பான்.

"தட்டாதீங்க, குதிக்காதீங்க. கீழ உட்காருங்க. இன்னைக்கு உங்க வீட்டுல என்ன சமையல்?"

"அடப்பாவி, நான் இங்க சாகக் கிடக்கேன், உனக்குச் சமையல் கேக்குதா?"

"சும்மா சொல்லுங்க. கறியா, நூடுல்ஸா?"

உள்ளே இருப்பவர் திட்டிக்கொண்டே சொல்லத் தொடங்குவார். வெங்காயம் வதங்குவதற்குள் பெட்டி தளத்துக்கு வந்துவிடும்.

ஆனால் கரகந்தா நகரத்திலிருந்து எங்கள் ஊர்வரை அவனை யாரும் லிஃப்ட்காரன் என்று சொல்வதில்லை. விமானக்காரன் என்பார்கள். ரேடியோவால் இயங்கும் சாகச விமானம் அவனுடையது. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், பால்சா மரத்தில் அவனே செய்தது, மின்மோட்டாரில் பறப்பது. வானத்தில் வட்டம் போடும், புரளும், தலைகீழாகப் போகும், செங்குத்தாக ஏறி ஒரு கணம் அப்படியே நின்று மூக்கைத் திருப்பி இறங்கும். போட்டியில் நடுவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு உருவத்துக்கும் மதிப்பெண் போடுவார்கள். பேட்டரியோடு சேர்த்து ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் எங்கள் வீட்டில் காய்கறி நிறுத்ததைவிடப் பசையும் திருகாணியும் நிறுத்ததுதான் அதிகம்.

நான் எட்டாம் வகுப்போடு தையற்கூடத்துக்குப் போனவள். சுரங்கத் தொழிலாளிகளின் வேலை உடுப்பு தைக்கிறேன். விமானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. இறக்கையின் மரச்சட்டத்துக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்ட வேண்டும். இஸ்திரிப்பெட்டிக்குப் பருத்திக் காலுறை மாட்டி, சூடு கூடாமலும் குறையாமலும், ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். சூடு கூடினால் படலம் சுருங்கி இறக்கை முறுக்கிக்கொள்ளும். குறைந்தால் வெயிலில் கொப்பளம் விடும். ஓராஸ் ஒருமுறை தானே தேய்த்துப் பார்த்தான். பிறகு இஸ்திரிப்பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டான். மேல்பக்கம் வெள்ளை. அடிப்பக்கம், தூரத்திலிருந்து புரண்டிருப்பது தெரிவதற்காக, கறுப்பில் ஆட்டுக்கொம்புக் கோலம் வெட்டி ஒட்டினேன். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தை அரிசி அகலத்துக்குக் குறைத்தேன். அதில் சில கிராம் மிச்சம். அல்மாட்டியிலிருந்து வந்தவர்களுடைய விமானங்கள் தொழிற்சாலையில் செய்து பெட்டியில் வந்தவை. அவற்றின் ஓரங்களை நான் தடவிப் பார்த்திருக்கிறேன். எங்களுடையது மேல்.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. பறக்கும்போது ஓட்டுபவன் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அடுத்த உருவம் என்ன என்று ஒருவர் அவன் தோளுக்குப் பின்னால் நின்று சொல்ல வேண்டும். அது நான்தான். மொத்த வரிசையும் எனக்கு மனப்பாடம். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் படித்தது.

ஓராஸின் மாமியார் ஜெய்னேஷ் அம்மாளுக்கு இதெல்லாம் பிடிக்காது. அடுத்த மாவட்டத்திலிருந்து மகள் கைனியைப் பார்க்க வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் போக மாட்டார்.

"என் பொண்ணை மனுஷனுக்குக் கட்டிக் குடுத்தேனா, காத்தாடிக்குக் கட்டிக் குடுத்தேனா?"

"குழாய் ஒழுகுது. மாப்பிள்ளை வானத்தை ரிப்பேர் பண்றாரு."

ஓராஸ் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க அத்தை," என்பான். எங்கள் பக்கத்தில் மாமியாரை எதிர்த்து மருமகன் பேசுவதில்லை. பேசும் வழக்கம் இருந்தாலும் அவன் பேசியிருக்க மாட்டான்.

சென்ற மே மாதக் கடைசியில் நாட்டு அணிக்கான தேர்வு எங்கள் ஊருக்கு வெளியே, பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களின் பழைய திடலில் நடந்தது. அணியில் மூன்று பேர். ஓராஸ் முன்பு இரண்டு தேர்வுகளில் நான்காவதாக வந்தவன். நான்காவது ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த முறை இரண்டாம் நாள் முடிவில் அவன் மூன்றாவது இடத்தில் இருந்தான். அவனுக்கு அடுத்து, கொஞ்சம்தான் பின்னால், அல்மாட்டிப் பையன் இல்யாஸ். கடைசிச் சுற்று ஒன்றுதான் பாக்கி. அதை ஒழுங்காகப் பறந்து முடித்தால் போதும்.

கைனி அன்று மாலை தன் தாய்க்குப் போன் செய்து சொன்னாள். காலையில் முதல் பேருந்தில் ஜெய்னேஷ் அம்மாள் வந்து இறங்கினார். வெல்வெட் மேலங்கி, வெள்ளைத் தலைத்துணி, கையில் கனமான ஒரு துணிப்பை. இப்படி அலங்காரமாக அவரை நான் கைனியின் கல்யாணத்தில்தான் பார்த்தது.

"சம்பந்தியம்மா, எங்க நம்ம மாப்பிள்ளை? ரேடியோவுல பேர் சொல்வாங்களா?"

"ரேடியோவுல வராதுங்க. ஆனா வெளிநாட்டுக்குப் போவான். முதல்ல இன்னைக்குப் பறக்கணும்."

"பறக்காம என்ன! இத்தனை வருஷம் குழாயைக்கூடப் பார்க்காம இதைத்தானே பண்ணாரு!"

ஓராஸ் விமானத்தை மேசைத்தாங்கியில் வைத்து மேல்மூடியைக் கழற்றியிருந்தான். நான் தைத்த கம்பளிப் பையிலிருந்து பேட்டரியை எடுத்துக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தான். மெதுமெதுவென்று இருக்க வேண்டும், அப்போதுதான் முழு வலிமை கொடுக்கும். அதை விமானத்தின் உடம்புக்குள் இருக்கும் பஞ்சுத் தட்டின் மேல் வைக்கக் குனிந்த நேரத்தில் பின்னாலிருந்து, "எங்க மாப்பிள்ளை உசரப் பறக்கட்டும்!" என்று குரல் கேட்டது. ஜெய்னேஷ் அம்மாள் பையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி வீசினார்.

நல்ல காரியத்தில் மிட்டாய் வீசுவது எங்கள் வழக்கம். ஷாஷு என்போம். குழந்தை பிறந்தால், மணமகள் வாசல் மிதித்தால், பட்டாளத்திலிருந்து பிள்ளை திரும்பினால் வீசுவோம். காரியம் முடிந்த பிறகு வீசுவதுதான் முறை. அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சிவப்பும் பச்சையுமாகக் காகிதம் சுற்றிய மிட்டாய்கள் எங்கள் தலையிலும் மேசையிலும் இறக்கையிலும் பொலபொலவென்று விழுந்தன. ஷாஷு மிட்டாய் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பதால் எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள். நடுவர்களிலேயே ஒருவர் எழுந்து வந்தார். இல்யாஸ் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஓராஸ் அண்ணே, உங்க அதிர்ஷ்டத்துல எனக்கும் ஒரு வாய்!" என்றான்.

வீசுபவரைத் தடுக்கக் கூடாது. நான் ஓடிப்போய் விமானத்தின் மேல் கவிழ்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் எல்லாம் விழுந்து முடிந்துவிட்டது.

ஓராஸ் திறந்திருந்த உடம்புக்குள் கையை விட்டு இரண்டு மிட்டாய் எடுத்தான். நான் விரலை நுழைத்துத் துழாவி இன்னொன்று எடுத்தேன். விமானத்தைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினோம். ஒரு சத்தமும் இல்லை. பேட்டரியை மாட்டி மூடியைப் போட்டான். பிறகு அவன் விமானத்தை இயக்கும் கைப்பெட்டியின் குச்சிகளை அசைக்க, நான் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னேன்.

"இடது?"

"சரி."

"வலது?"

"சரி."

"மூக்கு மேல? கீழ?"

"ரெண்டும் சரி."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பேட்டரிக்குக் கீழே பஞ்சுத் தட்டுக்கும் பக்கச்சுவருக்கும் நடுவில் இன்னொரு மிட்டாய் நசுங்கி உட்கார்ந்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பெயர் அழைத்தார்கள். விமானம் சத்தமே இல்லாமல் ஓடி எழும்பியது. காற்று குறைவு, வானம் கழுவி வைத்தது போல. முதல் உருவங்கள் அவ்வளவு சுத்தமாக வந்தன. வட்டம் என்றால் கோப்பையைக் கவிழ்த்து வரைந்த வட்டம். எனக்குப் பின்னால் யாரோ, "இது முடிஞ்ச கதை," என்று சொன்னது காதில் விழுந்தது. நான் பெருமையை விழுங்கிக்கொண்டு அடுத்ததைச் சொன்னேன். "தலைகீழ் வட்டம். வெளிப்பக்கமா."

கொம்புக் கோலம் வானத்தைப் பார்க்க, விமானம் தலைகீழாகப் போய் வட்டத்தை முடித்தது. அடுத்து செங்குத்தாக ஏறியது. உச்சியில் திரும்பி இறங்கி நிமிரும்போது மூக்கு வேண்டியதற்கு மேல் தூக்கிக்கொண்டது. ஓராஸின் தோள் இறுகியது.

"அடுத்தது, நாலு நிறுத்தத்துல புரட்டல்," என்றேன்.

"வேண்டாம்க்கா."

"என்னடா?"

"மூக்கை ஏத்தி இறக்குற தகடு மாட்டிக்கிச்சு. மேல் பக்கமாவே நிக்குது. அசைய மாட்டேங்குது."

அந்தத் தகடு வாலில் இருக்கிறது. அது மேல்நோக்கி மாட்டிக்கொண்டால் விமானம் மூக்கைத் தூக்கித் தூக்கி வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைத்தால் தொங்கி விழும். அவன் விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தான். மேலே போக வேண்டிய வட்டம் பக்கவாட்டில் போகத் தொடங்கியது. திடலுக்கு மேல் பருந்து போலச் சுற்றியது. இறங்க வழி இல்லை. ஒருமுறை தலைகீழாகப் புரட்டிக் குலுக்கிப் பார்த்தான். தரையை நோக்கிப் பாய்ந்தது. பிடித்து மறுபடி சாய்த்தான்.

நடுவர்கள் பேனாவை வைத்துவிட்டார்கள். பறக்காத உருவத்துக்குச் சுழியம். அணி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. இல்யாஸுக்கும் தெரிந்திருக்கும், அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். இனி விமானமாவது மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? என் வாயில் வரிசை முழுவதும் இருந்தது. ஒன்றையும் சொல்வதற்கில்லை. கையைக் கட்டிக்கொண்டேன், பிறகு அவிழ்த்தேன். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"அக்கா, பேசிட்டே இரு."

"என்ன பேச?"

"எதாவது. காலையில என்ன சமைச்சே?"

நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. "பௌர்சாக் பொரிச்சேன்."

"மாவு எப்ப பிசைஞ்சே?"

"நேத்து சாயங்காலம். பால் விட்டு. ஒரு முட்டை. கைனி ரெண்டு போடச் சொன்னா, நான் போடல."

"ஏன் போடல?"

"ரெண்டு போட்டா ஆறுனதும் கல்லு மாதிரி ஆயிடும்."

நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சுற்றிலும் விமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. மோட்டாரைக் கொஞ்சம் குறைப்பான், தொங்குவதற்குள் கொஞ்சம் கூட்டுவான். எண்ணெய் சூடானதா என்று எப்படிப் பார்ப்பேன் என்பதுவரை சொல்லிவிட்டேன். திடலின் எல்லையைத் தாண்டி, புல் ஆளுயரம் நின்ற இடத்தில், கடைசியாக ஒருமுறை இறக்கையைச் சமமாக்கி மோட்டாரை நிறுத்தினான். மூக்கைத் தூக்கியபடியே அது புல்லுக்குள் அமிழ்ந்தது. ஒரு முறிவுச் சத்தம் கேட்டது.

அவன் கைப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தான். நான் பின்னாலேயே போனேன். ஒரு சக்கரக்கால் முறிந்திருந்தது. இறக்கையின் அடியில் ஒரு கொம்பு கிழிந்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது. வாலின் மூடியைக் கழற்றினான். தகட்டை அசைக்கும் சர்வோ என்ற சின்ன மோட்டாரின் கைக்கும் சுவருக்கும் நடுவில் சிவப்புக் காகிதம் தெரிந்தது. தலைகீழாகப் போனபோது பஞ்சுத் தட்டிலிருந்து விடுபட்டு, ஏறும்போது வால்வரை உருண்டிருக்கிறது.

அவன் அதை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"கொண்டுபோய்க் காட்டுடா!" என்றேன். "ஓட்டுறவன் மேல தப்பு இல்லைன்னா மறுபடி பறக்கலாம்னு விதி இருக்கு. காலை ஒட்டிக்கலாம், நான் கொம்பைத் தேய்ச்சுத் தரேன். மதியத்துக்குள்ள ஆயிடும்!"

"யார் போட்டதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே!"

"அங்க பாரு."

திரும்பினேன். ஜெய்னேஷ் அம்மாள் வெல்வெட் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லுக்குள் தடுமாறித் தடுமாறி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். தலைத்துணி சரிந்திருந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது. பின்னால் கைனியும், இரண்டு நடுவர்களும், பாதித் திடலும்.

"ஓராஸ், நீயா போய்ச் சொல்லலேன்னா நான் சொல்றேன்," என்றேன்.

"அக்கா." அவ்வளவுதான் சொன்னான். என்னிடம் அவன் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அப்போதும் கெஞ்சவில்லை. காகிதத்தைப் பிரித்தான், மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான், காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

நடுவர் மூச்சு வாங்க வந்து நின்றார். "என்ன ஆச்சு ஓராஸ்? வெளிக் காரணம் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க. என் சர்வோதான் மாட்டிக்கிச்சு."

நடுவர் அவன் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். ஜெய்னேஷ் அம்மாள் குறுக்கே வந்து விமானத்தை மூக்குமுதல் வால்வரை தடவினார்.

"உடையலையே? பெருசா ஒண்ணும் உடையலையே மாப்பிள்ளை?"

"இல்லைங்க அத்தை. ஒரு காலுதான்."

"வாயில என்ன?"

"நீங்க வீசுன மிட்டாய்."

அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்தார். "பார்த்தியா கைனி! அதை வெச்சிருந்ததாலதான் இந்த மட்டோட தப்பிச்சுது. இல்லேன்னா தூள் தூளாப் போயிருக்கும்! அடுத்த தடவை ரெண்டு பையா கொண்டு வரேன்."

"சரிங்க அத்தை," என்றான் ஓராஸ்.

நான் புல்லில் விழுந்து கிடந்த சக்கரத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

இல்யாஸ் மூன்றாவதாக அணிக்குப் போனான். போவதற்கு முன் வந்து ஓராஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். ஓராஸ் மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனான். அன்றும் ஒருவர் ஏழாவது மாடிக்குக் கீழே மாட்டிக்கொண்டாராம்.

நான் இப்போது விமானத்துக்கு ஒரு மூடி தைத்துக்கொண்டிருக்கிறேன். மெல்லிய பாராசூட் துணி, ஓரத்தில் ரப்பர் நாடா. உடம்பு திறந்திருக்கும் நேரமெல்லாம் அதன்மேல் இழுத்து மாட்டிவிடலாம். பறக்கும் முன் கழற்றிவிடுவதால் எடைக் கணக்கில் வராது. போன வாரம் ஜெய்னேஷ் அம்மாள் வந்திருந்தார். துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எதுக்கு சம்பந்தியம்மா?"

"தூசிக்குங்க," என்றேன்.