மஞ்சள் மை வைத்த போல்ட்

அந்த போல்ட் சுண்டுவிரல் நீளம்கூட இராது. தலையில் மஞ்சள் மையால் ஒரு கோடு. ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் ஆய்வு அறையில், வெள்ளைத் துணி விரித்த மேசையில் அதை வைத்திருந்தார்கள். பக்கத்தில் அதன் ஜோடி இரண்டாக முறிந்து கிடந்தது. முறிந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது முறியாமல் முழுசாக இருந்த அந்த இன்னொன்றைத்தான். பாரம் தாங்காமல் போன போல்ட் முறியும். முழுசாக வெளியே வந்திருக்கிறது என்றால், அது தானாகக் கழன்றிருக்கிறது. முறுக்க வேண்டியவள் முறுக்காமல் விட்டிருக்கிறாள். எஞ்சின் கட்டும் லைனில், அந்த போல்ட்டை முறுக்கும் ஸ்டேஷனில் அன்று வேலை பார்த்தவள் நான்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்து, தண்டலத்தில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். எஞ்சின் லைனில் ஒப்பந்த வேலை. அந்த ஆண்டு எங்கள் கம்பெனி ஆசிய நாடுகளில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடர் ஒன்றில் இறங்கியது. கடையில் யாரும் வாங்கக்கூடிய வண்டியையே வைத்து ஓட்டும் பந்தயம் அது. விளக்கைக் கழற்றலாம், சைலன்சரை மாற்றலாம். எஞ்சினுக்குள் மட்டும் கைவைக்கக் கூடாது. லைனில் வந்ததை அப்படியே எடுத்து சீல் வைத்துவிடுவார்கள். தாய்லாந்தில் முதல் சுற்று, அடுத்தது ஜப்பான், பிறகு மலேசியா என்று போய், கடைசிச் சுற்று நம் இருங்காட்டுக்கோட்டையில். நாங்கள் கட்டும் எஞ்சின் அங்கெல்லாம் ஓடுகிறது என்பதில் லைனில் எல்லோருக்கும் ஒரு மிதப்பு.

வண்டியை ஓட்டியவரை நாங்கள் ரைடர் அண்ணன் என்போம். பக்கத்து ஊர்க்காரர், விவசாயக் குடும்பம். "எங்கப்பா நெல்லு போட்ட எடத்துலதான் இப்ப உங்க லாரிலாம் நிக்குது" என்று சாதாரணமாகச் சொல்வார். வண்டிகளைச் சோதித்து ஓட்டும் வேலையில் சேர்ந்து, பந்தயத்துக்குப் போனவர். இரண்டு சுற்று முடிந்தபோது புள்ளிப் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருந்தார். மூன்றாவது சுற்றைக் கேன்டீன் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போன வண்டியின் பின்சக்கரம் சட்டென்று இறுகி நின்றது. அண்ணன் தூக்கி எறியப்பட்டு உருண்டுகொண்டே போனார். சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டார். இடது மணிக்கட்டு முறிவு என்று மாலையில் செய்தி வந்தது.

இரண்டு வாரம் கழித்து எஞ்சின் திரும்பி வந்தது. உள்ளே பிஸ்டன் தண்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டும் விட்டுப்போய், எஞ்சின் அப்படியே இறுகியிருந்தது. அது எங்கள் ஷிப்டில் கட்டியது என்பதால் மூன்று பேரை ஆய்வு அறைக்குக் கூப்பிட்டார்கள். மாவுக்கட்டோடு ரைடர் அண்ணனும் வந்திருந்தார்.

பொறியாளர் போல்ட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேஸ்ல எஞ்சின் தாங்காத வேகத்துல சுத்தி, ஓவரா ரெவ் ஆயிருக்கு. அப்படியே எழுதிடலாம்" என்றார். எங்கள் சூப்பர்வைசர் தலையாட்டினார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இதோட சேத்துக் கட்டுன லாட்டுல மீதி வண்டிலாம் எங்க கீது சார்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஷோரூமுக்குப் போயாச்சு. பாதி வித்திருக்கும்."

"நான் வுழுந்தப்போ லெதர் சூட் போட்டுனு இருந்தேன். ஆம்புலன்ஸ் ஓரத்துலயே நின்னுனு இருந்துச்சு. ரோட்டுல பொண்டாட்டி புள்ளைய வெச்சினு போறவனுக்கு இன்னா சார் கீது?"

பொறியாளர் அறிக்கைத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதை நம்பித்தான் தம்பியைக் கல்லூரியில் சேர்த்திருந்தோம். இதெல்லாம் அந்த நிமிடத்தில் எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

"சார், அது ரெவ் இல்ல. நாந்தான் முறுக்காம விட்ருக்கேன்" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். அன்று காலை போல்ட் முறுக்கும் இயந்திரம் பழுதாகி, கைக்கருவியால் முறுக்கச் சொன்னார்கள். லைன் வேகத்தைக் குறைக்கவில்லை. முறுக்கி முடித்த பிறகுதான் மை வைக்க வேண்டும். வேலை தேங்கத் தேங்க, முதலில் வரிசையாக மை வைத்துவிட்டுப் பிறகு முறுக்க ஆரம்பித்தேன். நடுவில் ஓவர்டைம் பட்டியலுக்குப் பெயர் கேட்டு ஒருவர் வந்தார். பேசிவிட்டுத் திரும்பியபோது எதுவரை முறுக்கினேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் மை இருந்தது. அதை நம்பி அனுப்பிவிட்டேன்.

விசாரணை நடந்தது. என்னை லைனிலிருந்து எடுத்து, உதிரிபாகம் எண்ணும் இடத்தில் போட்டார்கள். லைனை நிறுத்தாமல் ஓட்டியதற்காக சூப்பர்வைசருக்கும் மாற்றல் வந்தது. அதன் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. அந்த லாட் வண்டிகளைத் திரும்ப வரவழைத்துத் திறந்து பார்த்தார்கள். நான்கு எஞ்சின்களில் போல்ட் இறுகாமல் இருந்தது. அதில் ஒன்று செம்பரம்பாக்கம் பக்கத்து ஆள் ஒருவருடையது. தினமும் மகளைப் பின்னால் உட்காரவைத்துக் கல்லூரியில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாராம். இதைக் கேட்ட அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

நான் ரைடர் அண்ணன் கண்ணில் படாமல் ஒதுங்கியே நடந்தேன். ஒருநாள் கேட் அருகே அவரே நிறுத்தினார். "கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்த வருசமே போச்சு எனக்கு. ஆனா நீ வாயத் தொறக்கலைன்னா நாலு குடும்பம் போயிருக்கும்." அவ்வளவுதான் சொன்னார். நடந்துபோய்விட்டார்.

கை ஆறுவதற்குள் இரண்டு சுற்றுகள் தவறிவிட்டன. கடைசிச் சுற்றுக்குப் புதிய எஞ்சின் தேவைப்பட்டது. அதை நான்தான் கட்ட வேண்டும் என்று அவர் கேட்டதாக எனக்கு ஆள் வந்து சொன்னபோது நம்பவில்லை. டீம் மேனேஜர் ஒத்துக்கொள்ளவே இல்லையாம். "அந்தப் பொண்ணுக்குத் தெரியும் சார், எங்க தப்பு வரும்னு. அது கட்டினா நான் ஏறி உக்காருவேன்" என்றிருக்கிறார். நான் கட்டத் தொடங்கிய அன்று வந்து எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நிற்பார் என்று நினைத்தேன். "டீ சாப்ட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். ஒவ்வொரு போல்ட்டுக்கும், இறுக்கம் போதும் என்று கருவி 'டிக்' என்ற பிறகு, வாய்விட்டு எண்ணிக்கொண்டு மை வைத்தேன். இன்னொருவர் சரிபார்த்தார். சீல் வைத்தார்கள்.

இன்று அந்த ஸ்டேஷனில், போல்ட் சரியாக இறுகாவிட்டால் லைனே நகராது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுப்பது நான்தான். ஏன் இப்படி அமைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், நடந்ததைப் பெயரோடு சொல்வேன், என் பெயர்தானே. ரைடர் அண்ணனுக்கு அடுத்த ஆண்டுத் தொடரில் இடம் கிடைக்கவில்லை. அவர் இடத்துக்கு இளையவர் ஒருவரை எடுத்தார்கள். இப்போது மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் சோதனை ஓட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். குளிர் நாட்களில் மணிக்கட்டு மடங்காது என்று கேள்விப்படுகிறேன்.

அந்த ஆண்டின் கடைசிச் சுற்றான இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்துக்கு எங்களைக் கம்பெனி பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். வண்டி நேர்ப்பாதையில் வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். நடுவில் நான்காவதாக வந்தாராம். வளைவுகளில் பிரேக் பிடிக்கும்போது உடல் பாரத்தை இடது கை தாங்காததால், பந்தயம் முடியும் நேரத்தில் இரண்டு பேர் அவரைத் தாண்டிவிட்டார்கள். ஆறாவது. கோப்பை இல்லை, மேடை இல்லை. முடிந்ததும் தயங்கித் தயங்கி அவர் கூடாரத்துக்குப் போனேன். மணிக்கட்டு வீங்கிக் கையுறைக்குள் இறுகிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். "மெதுவா இழும்மா." இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கையுறை வெளியே வந்ததும் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"எஞ்சின் நல்லா இருந்துச்சு. கைதான் வரல."