காற்றுப் பட்டன்

இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். பார்த்ததைப் பார்த்த நேரத்தோடு எழுதி வைப்பதுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் இதையும் குறித்து வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் வந்து நோட்டைப் பாருங்கள்.

என் மனைவி அக்கார்டியன் ரிப்பேர் செய்கிறவள். தோளில் மாட்டிக்கொண்டு, வலது கையால் பியானோ கட்டைகளையும் இடது கையால் பட்டன்களையும் அழுத்தி வாசிப்பார்களே, நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி விரியுமே, அதுதான். எங்கள் சமையலறை மேஜையில் பாதி அவளுடையது. தேன்மெழுகும் பிசினும் உருக்கி, காற்றில் அதிர்ந்து ஸ்வரம் எழுப்பும் ரீடு தகடுகளை ஒட்டுவாள். அந்த வாசனைக்கு நடுவில்தான் பன்னிரண்டு வருஷம் சாப்பிட்டோம். ஒரு அக்கார்டியன் பெட்டியைச் சரிசெய்து முடித்ததும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காற்றுப் பட்டனை அமுக்கிக்கொண்டு துருத்தியை விரித்து மூடுவாள். ஸ்வரம் வராது, காற்று மட்டும் வரும். இரண்டு தரம் நீளமாக, ஒரு தரம் குட்டையாக.

ஹ்ஹ்ஹ்ஹ்… ஹ்ஹ்ஹ்ஹ்… ஹ்.

“வேலை முடிஞ்சுதுன்னு அதுக்கும் தெரியணும்ல” என்பாள்.

அவள் படுத்த படுக்கையான பிறகு வைத்தியச் செலவுக்காக அவளுடைய சொந்தப் பெட்டியை விற்றோம். எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. அதில்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். பெட்டி வாசலைத் தாண்டியது. அதற்கப்புறம் வீட்டில் முணுமுணுப்பாகக்கூடப் பாட்டு இல்லை. நோயைவிட இதுதான் என் மனைவியை அதிகமாக அரித்தது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் என் மீட்டர் நோட்டைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மகளுக்கு வேறு அக்கார்டியன் வாங்கப் போகும்போது நான் என்னென்ன பார்க்க வேண்டும் என்று.

“உங்களை நம்பி அனுப்பினா, பளபளன்னு இருக்கறதைத் தூக்கிட்டு வந்துடுவீங்க” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. பிறகு கேட்டாள்.

“வாங்கித் தருவீங்கல்ல?”

“சத்தியமா.”

மார்ச் பதினேழு, வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு நினைவு தப்பியது. இடது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது கையை நான் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை. 4:09க்கு அந்தக் கை என் விரலை அழுத்தியது. மூன்று தடவை. “என்னம்மா? என்ன வேணும்?” என்று கேட்டேன். 4:10க்கு எல்லாம் முடிந்துவிட்டது.

கடைசியாக அவள் என்னதான் கேட்டாள்? தண்ணீரா? மகளைக் கூப்பிடச் சொன்னாளா? பாவி நான், புரிந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்தேனே என்று ஐந்து மாதம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆகஸ்டில், ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் சேர்ந்ததும், நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். புதிதெல்லாம் ஆனை விலை குதிரை விலை. பழையதுதான் நமக்கு. ‘முதல்ல மோந்து பாருங்க. பூஞ்சை வாசனை அடிச்சா, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்’ என்று எழுதியிருந்தாள். முதல் கடையில் பெட்டியைத் திறந்ததுமே தும்மல் வந்தது. இரண்டாவது கடையில் ஒன்று கண்ணைப் பறித்தது. சிவப்பு நிறம், முத்துப் பட்டன்கள். ஆனால் பட்டன் நூற்றிருபது. ‘நூத்தி இருபது வாங்கிக் குழந்தை முதுகை உடைக்காதீங்க. எழுபத்திரண்டு போதும்.’ சரி, இன்னொன்று. அடுத்த சோதனை அதற்கு. ‘துருத்திப் பூட்டைத் திறந்து, கட்டைப் பக்கத்தைப் பிடிச்சுத் தூக்குங்க. பட்டன் பக்கம் கீழே தொங்கட்டும். எதையும் அமுக்காம எண்ணுங்க. மெதுவா இறங்கினா நல்ல பெட்டி. மளமளன்னு இறங்கினா காத்து ஒழுகுது.’ நான் மூன்று எண்ணுவதற்குள் அது தரையைத் தொட்டுவிட்டது.

கடைக்காரருக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பின் தெருவில் ஒரு தையல்காரரிடம் ஒன்று இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் 5:40. மழை பிடித்துக்கொண்டது. தையல்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த நோட்டைத்தான் பார்த்தார்.

“வந்துட்டீங்களா? உங்களுக்குன்னுதான் சார் எடுத்து வச்சிருக்கேன்.”

எல்லா வியாபாரிகளும் பாடுகிற பாட்டுதானே என்று நினைத்துக்கொண்டேன். வெளியூர் போன அவருடைய அண்ணனின் பெட்டியாம். எட்டு வருஷம் பரணில் கிடந்ததாம். “மாடியில இருக்கு, போய்ப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தார்.

மாடி அறை சின்னது. வெட்டுத் துணிகள், ஒரு ஸ்டூல், ஒரு குழல் விளக்கு. கீழே மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. 5:52க்குப் பெட்டியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.

பூஞ்சை வாசனை இல்லை.

தேன்மெழுகு வாசனை. பிசினோடு சேர்ந்து உருகிய, புது மெழுகு. எட்டு வருஷம் பரணில் கிடந்த பெட்டியில்… எங்கள் சமையலறை வாசனை.

கண் கலங்கிவிட்டது. துக்கத்தில் மூக்குகூட ஏமாற்றும் என்று துடைத்துக்கொண்டேன். பட்டன்களை எண்ணினேன். எழுபத்திரண்டு. இடது கை வாருக்கு அடியில் ஒரு துண்டு கம்பளித் துணி ஒட்டியிருந்தது. என் மகளின் மணிக்கட்டு ஒல்லி. வார் உராயாமல் இருக்க என் மனைவி இப்படித்தான் ஒட்டிக் கொடுப்பாள்.

யாரோ ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதானே.

பூட்டைத் திறந்தேன். கட்டைப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். பட்டன் பக்கம் கீழே தொங்கியது. எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்று… இரண்டு… மூன்று…

இறங்குவதே தெரியவில்லை. அவ்வளவு நிதானம்.

ஒன்பது… பத்து…

கீழே மிஷின் நின்றது.

பதினொன்று…

துருத்தியும் நின்றது. பாதியில்.

கையில் கனம் குறைந்தது.

யாரோ அடியில் கை கொடுத்துத் தாங்குவது போல.

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

ஹ்ஹ்ஹ்ஹ்…

பட்டன் பக்கம் தானாக மேலே ஏறியது. காற்றுப் பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது. நான் அமுக்கவில்லை. என் இரண்டு கையும் மேலே இருந்தன.

மறுபடி இறங்கியது.

ஹ்ஹ்ஹ்ஹ்…

மறுபடி ஏறியது.

ஹ்.

பட்டன் ‘டிக்’கென்று வெளியே வந்தது.

மணி 5:58.

பெட்டியை எப்படிக் கீழே வைத்தேன், எப்படிப் படியில் இறங்கினேன், தெரியாது. தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். “பிடிக்கலையா சார்?” என்றார். “வீட்டுக்குப் போய் யோசிச்சு…” என்று வாய் குழறியது. நோட்டு கையில் திறந்தே இருந்தது. அவள் எழுதிய கடைசி வரி கண்ணில் பட்டது.

‘பெட்டி நல்லா இருந்தா உடனே வாங்கிடுங்க. வீட்டுக்கு வந்து யோசிக்கறேன்னு வராதீங்க. உங்க யோசனை எனக்குத் தெரியாதா?’

மறுபடி மேலே போனேன். பெட்டியோடு இறங்கி, பணத்தை மிஷின் மேல் வைத்துவிட்டு ஓடினேன். ஆனால் வாங்கிவிட்டேன்.

வீட்டில் மகள் பெட்டியைத் திறந்தாள். முகத்தைத் துருத்தியில் வைத்து அப்படியே இருந்தாள். “அப்பா… அம்மா வாசனை” என்றாள். ஐந்து மாதத்தில் அன்றுதான் அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் இடது கையை வாருக்குள் விட்டாள். அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது. அன்று எங்கள் வீட்டில் மறுபடி பாட்டு கேட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் மனப்பிராந்தி என்று விட்டிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கட்டை அமுங்கினால் எழவில்லை. என் மனைவியோடு வேலை பார்த்தவரிடம் கொண்டுபோனேன். எப்போதும் கண்ணில் லென்ஸ் மாட்டியிருப்பதால் அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்போம். அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். பெட்டியைப் பிரித்தார். ரீடுகள் ஒட்டிய மரச் சட்டத்தை வெளியே எடுத்தார். அப்படியே நின்றார்.

“மாப்ள, இது தங்கச்சி வேலைன்னு நீ சொல்லவே இல்லையே?”

ரிப்பேர்காரர்கள் வேலை முடிந்ததும் உள்ளே பென்சிலால் தேதி எழுதி வைப்பது வழக்கம். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அடுத்துப் பிரிக்கிறவருக்குத்தான் தெரியும். சட்டத்தின் ஓரத்தில் அவள் கையெழுத்து இருந்தது. ‘சரி. மார்ச் 17. 4:10.’

“அவ எழுத்துதான். ஆனா கோணிக்கிட்டு இருக்கு பாரு. இடது கையால எழுதின மாதிரி” என்றார்.

அங்கிருந்தே தையல்காரருக்குப் போன் செய்து, பெட்டியை யாராவது ரிப்பேர் பார்த்தார்களா என்று கேட்டேன். செப்டம்பர் முதல் தேதி, காலை 11:20.

“ஆமா சார், ஒரு அம்மா வந்தாங்க. மார்ச் மாசம். மதியம் ரெண்டு மணி இருக்கும். பரண்ல இருக்கற பெட்டியைக் கேட்டாங்க. கால்ல செருப்புகூட இல்ல. இடது கையில பிளாஸ்டர் ஒட்டியிருந்துச்சு. மாடியில உக்காந்து ரெண்டு மணி நேரம் வேலை பாத்தாங்க. காசு வேண்டாம்னுட்டாங்க. ‘என் வீட்டுக்காரர் நோட்டும் கையுமா வருவார், அவருக்குக் கொடுங்க’ன்னாங்க.”

“இதை ஏன் அன்னைக்கே சொல்லல அண்ணே?”

“எங்க சார் சொல்ல விட்டீங்க? பேயறைஞ்ச மாதிரி இறங்கி வந்து, பெட்டியைத் தூக்கிட்டு ஓடிட்டீங்களே. கடைசியா அவங்க துருத்தியை ஒரு மாதிரி மூச்சு விட வச்சுப் பூட்டினாங்க. ரெண்டு நீளம், ஒண்ணு…”

“குட்டை” என்றேன்.

ஆஸ்பத்திரியில் என் விரலை அழுத்திய கை. இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் இரண்டும் நீளம். மூன்றாவது குட்டை. அவள் எதையும் கேட்கவில்லை. வேலை முடிந்தது என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

போனில் தையல்காரர் பேசிக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணு மட்டும்தான் எனக்கு விசித்திரமா இருந்துச்சு சார். அவ்வளவு வேலையையும் ஒத்தக் கையாலயே செஞ்சாங்க. வலது கை மடியிலயே கிடந்துச்சு, அசையவே இல்ல. கைக்கு என்னம்மான்னு கேட்டேன். சிரிச்சாங்க. ‘அதை என் வீட்டுக்காரர் பிடிச்சிட்டிருக்கார் அண்ணே. இன்னும் விடல’ன்னாங்க.”