ராதாபுரத்து எஞ்சினும் நான் படித்த ஜெர்மனியும்

ஐரோப்பாவில் சண்டை மூண்ட 1914 ஆகஸ்டு மாதக் கடைசியில் தச்சநல்லூரிலிருந்து ராதாபுரம் போனேன். ஊர் பார்க்க அல்ல. சங்கரலிங்கம் அண்ணாச்சி தம் கிணற்றில் பூட்டியிருந்த எண்ணெய் எஞ்சின், எதிரி நாட்டுச் சாமான் என்று விசாரணைக்கு வந்துவிட்டது. அது செய்யப்பட்ட முல்ஹாசன் நகரத்தில்தான் நான் மூன்று வருஷம் இயந்திரப் படிப்புப் படித்தேன். "வந்து ரெண்டு வார்த்த சொல்லுலே" என்று ஆள் அனுப்பியிருந்தார்.

நாற்பது மைல். மாட்டுவண்டிக்கு மூன்று ரூபாய், மாட்டுத் தீனி தனி. சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பி, நாங்குநேரியில் மாடு மாற்றி, காலை ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். நாங்குநேரிக்குத் தெற்கே ரோடு என்று ஒன்று இருப்பதாகச் சர்க்கார் நினைத்துக்கொண்டிருக்கிறது. "எலும்ப எண்ணி வச்சுக்கிடும் வே, எறங்கையில சரிபாத்துக்கிடலாம்" என்றார் வண்டிக்காரர்.

பனங்காட்டுக்கு நடுவே மூன்று ஏக்கர் வாழை, குலை தள்ளும் சமயம். மாடு கட்டிக் கமலை இறைத்தால் பாதிக்குக்கூட எட்டாது என்றுதான் அண்ணாச்சி எஞ்சினே வாங்கினார்.

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"அந்த முல்ஹாசன் ஊர்க்காரங்க யாரு?"

"ஜெர்மன்காரங்க" என்றேன்.

எஞ்சினைப் பற்றிக் கேட்டிருந்தால் மத்தியானம் வரை பேசியிருப்பேன். அவர் எஞ்சினை ஓட்டக் கூடாதென்று அரக்கு முத்திரை வைத்துவிட்டு நாங்குநேரிக்கு வண்டி ஏறினார்.

"ஏலே, இதச் சொல்லதுக்கா ஒன்னய வண்டி வச்சுக் கூப்பிட்டேன்?" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் திரும்பும் வழியில் நாங்குநேரிச் சத்திரத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். முல்ஹாசனுக்குள் பிரெஞ்சுப் பட்டாளம் நுழைந்ததாம். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்களாம். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்வரை அது பிரெஞ்சு ஊராம். சண்டையில் ஜெயித்து ஜெர்மனி பிடுங்கிக்கொண்டதாம். பிரெஞ்சுக்காரன் இன்று இங்கிலீஷ்காரனுக்குக் கூட்டாளி! அப்படியானால் எஞ்சினும் கூட்டாளிச் சாமான்தான்.

நான் குடியிருந்த வீட்டுக்காரி பிள்ளைகளோடு பிரெஞ்சில் பேசுவாள். வாசலில் போலீஸ்காரன் தெரிந்தால் ஜெர்மனுக்கு மாறுவாள். மூன்று வருஷம் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலாந்து ராஜாக்களை வரிசையாக ஒப்பிக்க வைத்தார்கள். அங்கே திருகாணி அளவுகளை ஒப்பிக்க வைத்தார்கள். இதற்குப் பெயர் படிப்பு!

பத்திரிகையை இரவல் வாங்கிக்கொண்டு அதிகாரியின் தாலுகா கச்சேரிக்கு ஓடினேன். அதிகாரி வாசித்தார், சிரித்தார்.

"அங்கனயே படிச்சவருன்னு ஒம்ம பேச்சத்தான் சாட்சியா எழுதி மேல அனுப்பியாச்சு. நேத்து ஜெர்மன்காரங்க, இன்னைக்கு பிரெஞ்சுக்காரங்க. நாளைக்கு யாரும்பீரு வே?"

வண்டியைத் திருப்பி ராதாபுரத்துக்கே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கமலையில் மாடு பூட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "கெழக்க உள்ளதுக்கு மட்டும் பாய்ச்சுங்கலே. மேக்க உள்ளது காஞ்சு போட்டும்" என்றார்.

வெளிதேசம் போய்ப் படிக்க இருப்பவர்களுக்கு: கம்பளிச் சட்டை இரண்டு போதும். போன முதல் வாரமே, அந்த ஊரை யார் யாரிடமிருந்து எப்போது பிடுங்கினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாத்தியாரிடம் கேட்காதீர்கள், குடியிருக்கும் வீட்டில் கேளுங்கள். இயந்திரம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால் ராதாபுரம் போய் அந்த மேற்குப் பக்கத்து வாழையைப் பாருங்கள். நாங்குநேரியிலிருந்து இருபத்திரண்டு மைல். சீக்கிரம் போகவும், இன்னும் பத்து நாளைக்குத்தான் பார்க்க ஏதாவது இருக்கும்.