சின்னப் பட்டை

எனக்குச் சண்டைக்காரன் என்று ஊரில் பெயர். அது பொய்யில்லை.

ஆறு வயதுப் பேத்திக்குச் சிறுநீரக நோய். சிறுநீரில் புரதம் போவதும் ரத்த அழுத்தம் ஏறுவதும்தான் சிறுநீரகத்தைச் சீக்கிரம் செயலிழக்க வைக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வாராவாரம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்தார்கள். எப்போதும் "நார்மல்."

ஒருநாள் நானே கூடப் போனேன். நர்ஸ் பெரியவர்களுக்கான பிரஷர் பட்டையைக் குழந்தையின் கையில் சுற்றினார். பட்டை பெரிதானால் பிரஷரைக் குறைத்துத்தான் காட்டும். சுகாதாரத் துறையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சின்னப் பட்டை அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் என்பதும் தெரியும். அதை எடுக்கச் சொன்னேன்.

"அதப் பிரிச்சா ஆடிட்ல கேப்பாங்க சார்."

"அவங்களுக்கு அப்பறம் பதில் சொல்லுங்க. எனக்கு இப்பச் சொல்லுங்க."

வரிசையில் பின்னால் நின்ற பெண் சீறினாள். "ஏனுங்க, பென்சன் வாங்கறவங்களுக்கு வேற சோலி இல்லீங்களா? கோவிந்தாபுரம் பஸ்ஸு போயிருமுங்க!"

"போகட்டும்" என்றேன்.

நர்ஸ் உறையைக் கிழித்தார். சின்னப் பட்டையில் பிரஷர் மிக அதிகம். நர்ஸ் மறுபடி பார்த்தார். அதேதான்.

நல்ல வசவு ஒன்று என் நாக்கில் தயாராக இருந்தது. அதற்குள் அந்தப் பெண் முன்னால் வந்தாள். இடுப்பிலிருந்த மகளின் முகம் வீங்கியிருந்தது.

"என்ற புள்ளைக்கும் இதே சீக்குத்தானுங்க. போன வாரம் நார்மல்னீங்க. அதுலயே பாருங்க" என்று மகளின் சட்டைக் கையைச் சுருட்டினாள். வெளியே அவள் பஸ் கிளம்பியது. அவள் திரும்பவில்லை.

பேத்திக்கு அன்றே மருந்தை மாற்றினார்கள். ஆனால் நான் அவளுக்காக மட்டுமே சண்டை போட்டேன். பின்னால் நின்ற குழந்தையை நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.