எலுமிச்சம்பழம் எங்கிருந்து வந்தது?

போன கார்த்திகையில், காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் நடந்தது இது. நான் வேன் ஓட்டுகிறேன். எட்டாவதோடு நானும் பள்ளிக்கூடமும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். வாய் மட்டும் நிற்பதில்லை.

பேளுக்குறிச்சிப் பக்கத்துச் சின்னச் சபை ஒன்று, மலையில் ஜெபக்கூட்டம் நடத்த என் வேனை எடுத்திருந்தது. பாஸ்டர், அவர் மனைவி, சபை மூப்பர், இன்னும் சிலர். என் பக்கத்து சீட்டில், கீபோர்டை மடியில் வைத்தபடி ஒரு பையன். இருபது வயதிருக்கும். தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஆண்கள்மேல்தான் என்று சபையில் அவனே சொல்லியிருக்கிறான். சாயங்காலக் கூட்டத்தில் அவன் வாசிக்கலாமா கூடாதா என்று மேலே போய்ச் சேர்வதற்குள் முடிவு செய்தாக வேண்டும். அவனை வைத்துக்கொண்டே வழக்கு நடந்தது.

"இது பிறவி இல்லீங்க பாஸ்டர். போனைப் பாத்துப் பழகுனது. பழகுனதை உடவும் முடியும்" என்றார் மூப்பர்.

"இல்லீங்க, சின்னப் புள்ளையில இருந்து இவனப் பாக்கறேன். கர்த்தர் படைச்சதே இப்படித்தான்னு எனக்குத் தோணுது" என்றார் பாஸ்டரம்மா.

பாஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். "எப்படி வந்திருந்தாலும் கல்யாணம்னா ஆணும் பொண்ணுந்தான்னு வேதம் சொல்லுது. ஆனா ஆளைத் தள்ளச் சொல்லலீங்களே."

எனக்கு வாய் அரித்தது. "ஏனுங்க மூப்பரே, உங்க ஊட்டுக்காரம்மா மேல வந்த ஆசை உங்களுக்குப் பிறவியிலயே வந்ததுங்களா, பழகி வந்ததுங்களா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு சாமி!"

வேனே சிரித்தது. பையன் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "என்னைய ஒருத்தராச்சும் கேட்டாங்களா பாருங்கண்ணா" என்றான்.

"கேட்டா என்ன சொல்லுவே?"

"எனக்கும் தெரியாதுண்ணா. வெவரம் தெரிஞ்சப்பவே இப்படித்தான் இருந்தேன்."

வளைவுகள் ஏற ஏற மூப்பரின் முகம் வெளுத்தது. குமட்டலுக்காக நாங்கள் வண்டியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்போம். ஒன்றை நீட்டினேன். அவர் கை பாதியில் நின்றது. அடிவாரக் கோயிலில் நான் கற்பூரம் கொளுத்தியதைப் பார்த்திருக்கிறார்.

"இது சாமிக்குப் படைச்சதா, கடையில வாங்குனதா?"

"அதைச் சொல்லமாட்டனுங்க."

அடுத்த வளைவில் மூப்பரின் தலை ஜன்னலுக்கு வெளியே போனது. வண்டியை ஓரங்கட்டினேன். பையன் கீபோர்டை சீட்டில் போட்டுவிட்டு ஓடி, அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்து முதுகை நீவிவிட்டான். என் கையிலிருந்த பழத்தை வாங்கி, நகத்தால் கீறி மூக்கருகே காட்டினான். மூப்பர் பாஸ்டரைப் பார்த்தார்.

"எங்கிருந்து வந்துதுன்னு துருவாம வாங்கிக்குங்க. கடையில விக்கற கறியவே, எந்தச் சாமிக்குப் படைச்சதோன்னு கேக்காம சாப்பிடச் சொல்லுதுங்க வேதம்" என்றார் பாஸ்டர்.

மூப்பர் ஆழமாக மோந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏனுங்க பாஸ்டர், அந்தச் சட்டம் பழத்துக்கும் கறிக்கும் மட்டுந்தானுங்களா?"

என் வண்டியிலிருந்து என்னையே இறக்கிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். பாஸ்டரம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு பாஸ்டர். மூப்பர் சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு பையனைப் பார்த்தார்.

"என் பேச்சு இன்னும் முடியலை கண்ணு. ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம். இன்னிக்கு நீயே வாசி. வேற எவன் வாசிச்சாலும் எனக்குப் பாட்டு வராது."

சாயங்காலம், மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே அவன் வாசித்தான். மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாக, தாளம் தப்பிப் பாடினார். அந்த விவாதம் சபையில் இன்னும் முடியவில்லையாம். பையன் இன்னும் வாசிக்கிறான்.

பதில் கிடைக்கும்வரை ஒரு ஆளை வெளியே நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்பதை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. அந்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி நின்றபோதுதான் கண்ணால் பார்த்தேன்.