பேச்சில்லாத மூன்று நிமிடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கடலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு படம் பார்த்தேன். கதை சுமார்தான். ஆனால் நடுவில் மூன்று நிமிடம் யாரும் பேசாத ஒரு காட்சி. தேயிலைச் சரிவில் மூடுபனி இறங்குகிறது. செடிகள் வரிசை வரிசையாக மறைந்து, கடைசியில் ஒரு சிவப்புச் சேலை மட்டும் தெரிகிறது. மலையையே பார்த்திராத எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

அந்தப் படம் எங்கள் புதுச்சேரிக்கு வந்ததும், மில்லில் முதல் ஷிப்ட் முடித்து வந்த கணவரைச் சோறு போட்ட கையோடு மேட்னிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இப்ப வரும் பாருங்க" என்று அவரை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தேன். சிவப்புச் சேலைக்காரி சரிவில் கால் வைத்தாள். அடுத்த நொடி கல்யாணப் பந்தலில் நின்றாள்.

"எங்கடி உன் பனி?" என்றார்.

படம் விட்டதும் நேராக ஆபரேட்டர் அறைக்கு மாடியேறி, பனி இறங்கும் காட்சி எங்கே என்று கேட்டேன்.

"அத்த வெட்டிட்டேம்மா" என்றார் ஆபரேட்டர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "பேச்சு இல்ல, பாட்டு இல்ல. ஜனங்க பீடி புடிக்க எழுந்து போயிடுறாங்க."

"அதப் பாக்கத்தாண்ணே நான் வந்ததே!"

வெட்டிய பிலிம் அங்கேயே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சுருண்டு கிடந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கட்டம் கட்டமாக வெள்ளை. அதற்குள் கடுகளவு சிவப்பு. எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"எப்பிடிண்ணே வெட்ட மனசு வந்துச்சு?"

அவரும் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வியாழக்கிழமை மேட்னிக்கு வா. ஒட்டி வெக்கிறேன். மறுநாள் படப்பெட்டி வேற ஊருக்குப் போயிடும்."

சொன்னபடியே செய்தார். வியாழக்கிழமை கணவரை மறுபடியும் இழுத்துக்கொண்டு போனேன். பனி இறங்கியது. முன் வரிசையில் விசில் பறந்தது. "யோவ், படத்தப் போடுய்யா!" என்று ஒருவன் கத்தினான். நான் பெருமையோடு பக்கத்தில் திரும்பினேன். விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போன மனுஷன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கினேன். அவர் கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் கல்யாணப் பந்தல் வந்துவிட்டது.

"இதத்தான் அன்னிக்கே பாத்துட்டமே?"

பெரிய மார்க்கெட் வரைக்கும் நான் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். அங்கே ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்து, "சரி, சொல்லு. அதுல இன்னாதான் வருது?" என்று கேட்டார்.

"பனி எறங்குது."

"அப்புறம்?"

"செடியெல்லாம் மறையுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல!" என்று நடுரோட்டில் கத்தினேன். மீன்கூடைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் மட்டும் முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.