சென்சாருக்கு வைத்த பொட்டு

நாமக்கல்லில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரவீனாவுக்கு ஒரு பழக்கம். எது கெட்டாலும் வோல்டேஜ், எலி, டூப்ளிகேட் பார்ட், வீட்டுக்காரர் கந்தவேல் என்று வரிசையாகச் சந்தேகப்படுவாள். அந்த வரிசையில் தன் பெயரை மட்டும் சேர்க்க மாட்டாள்.

சின்னண்ணனின் கோழிப்பண்ணையில் ஆறு கொட்டகைகள். பொழுது மசங்கினால் விளக்கு தானாக எரிய, அவற்றில் ஒன்றுக்கு மட்டும் சென்சார் பெட்டி செய்து கொடுத்திருந்தாள். உள்ளே பட்டாணி அளவில் ஒரு எல்.டி.ஆர். வெளிச்சம் பட்டால் அது கரண்டுக்கு வழி விடும். இருட்டினால் முறைத்துக்கொண்டு தடுக்கும். தடுத்ததும் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் விளக்கைப் போட்டுவிடும்.

"இது சரியா ஓடுச்சுன்னா மிச்ச அஞ்சுக்கும் நீயே செய்யி அம்முணி" என்றிருந்தார் சின்னண்ணன். மிக்சிக்கு உயிர் கொடுத்தே இரண்டு வருடம் ஓட்டியவள், சொந்தமாகச் செய்த முதல் பொருள் அது. அந்த ஐந்து பெட்டிகளும் கைவிட்டுப் போனால் அவளால் தாங்க முடியாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் நண்பகலில் சின்னண்ணனிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங் அம்முணி, பட்டப்பகல்ல பல்பு எரியுது. கோழியெல்லாம் என்னைய ஒரு மாதிரி பாக்குது."

போய்ச் சேர்வதற்குள் பார்ட் விற்ற கோயமுத்தூர்க்காரனை ஸ்கூட்டரிலேயே திட்டித் தீர்த்துவிட்டாள். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினாள். விளக்கு அணைந்தது. மாட்டினாள், எரிந்தது. எல்.டி.ஆரையே மாற்றிப் பார்த்தாள். அப்போதும் அதே கதைதான். கடைசியில்தான் மூடியை உற்றுப் பார்த்தாள். வெளிச்சம் புகுவதற்கென்று விட்ட சின்ன ஜன்னலில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் கெட்டியாகக் காய்ந்திருந்தன.

கீழே ஏணியைப் பிடித்திருந்த ஆத்தாயி, சின்னண்ணனின் மனைவி, அண்ணாந்து பார்த்தாள். "எந்தக் கூறுகெட்டவ அந்த எடத்துல வெச்சா?"

வேலைக்கு வரும் பெண்கள் நான்கு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். யாரையாவது கை காட்டியிருக்கலாம். பிரவீனாவுக்கு முகமெல்லாம் சூடேறியது. நேற்று பூஜைக்கு அழைத்து, மோட்டாருக்கும் தீவன மிஷினுக்கும் பொட்டு வைத்தபின், சென்சார் பெட்டிக்கு வைக்கச் சொல்லிச் சந்தனத் தட்டை அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

"நாந்தானுங்க்கா. நட்ட நடுவுல இருந்தா லட்சணமா இருக்கும்னு வெச்சேனுங்க."

சின்னண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "கண்ண மறைச்சா ராத்திரின்னு நெனைச்சுக்கிட்டு பல்பப் போட்டிருக்குது. சொன்ன வேலைய அது சரியாத்தானே செஞ்சிருக்குது? மிச்ச அஞ்சும் நீயே மாட்டு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏணியிலிருந்து இறங்கக்கூடத் தோன்றவில்லை.

"ஆனா அம்முணி," என்றார் சின்னண்ணன், "வர்ற வருசம் பொட்ட நாங்க வெச்சுக்கறோம்."